மிதியும் ஊசியும்

நான் பிறக்கும்போது கால்தான் முதலில் வெளியே வந்ததாம். என் அம்மா இதை ஒருநாளும் பெருமையாகச் சொன்னதில்லை. இரண்டு நாள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு அலுப்பாகத்தான் சொல்வார். ஊர்தான் அதைப் பெருமையாக்கியது. காலால் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் இடுப்புப் பிடிப்பும் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. வலிக்கிறவர் பாயில் குப்புறப் படுக்க வேண்டும். காலால் பிறந்தவர் வலிக்கிற இடத்தில் மூன்று மிதி மிதித்துவிட்டு இறங்க வேண்டும். படுத்திருந்தவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். வாசலில் "வர்றேன்" என்று சொல்லக்கூடாது, சொன்னால் வலியும் கூடவே திரும்பி வருமாம். மற்ற வீடுகளில் யாராவது "போறேன்" என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் "போறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஐந்து வயதிலிருந்து மிதித்திருக்கிறேன். தபால்காரரை மிதித்திருக்கிறேன். என்னைப் பெஞ்சு மேல் நிற்கவைத்த கணக்கு டீச்சரையே மிதித்திருக்கிறேன், அவருக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தியே. பெரியவர்கள் மேல் கால் பட்டதற்காக, இறங்கியதும் அவர்கள் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் விடவில்லை. எப்படியோ விஷயம் தெருவுக்குத் தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "இது ஒரு பேஜாரு" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பாயை விரிப்பேன். இப்போது யாரையும் மிதிப்பதில்லை. இரண்டு வருஷமாகிறது. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு முட்டிவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த மிதியில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. எனக்கு எதிலுமே சட்டென்று நம்பிக்கை வராது. நான் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் டைப் அடிக்கிறேன். ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போன அண்ணனின் இடத்தில் வேறொருவரை அழைத்துவந்து "இவர்தான் எங்க அண்ணன்" என்று கண்கலங்கிய தம்பியைப் பார்த்திருக்கிறேன். நாலு எல்லையையும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதே என்பது எங்கள் முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. அது வீட்டுக்கும் வந்துவிட்டது. நாட்டுக்கோழி முட்டை என்று கொடுத்தால் தண்ணீரில் போட்டுத் தேய்த்துப் பார்ப்பேன், டீத்தூள் சாயம் போகிறதா என்று. அப்படிப்பட்டவளுக்கு, தன் பாதத்தில் மட்டும் மருந்து இருக்கிறது என்று எப்படி நம்பத் தோன்றும்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம்பிக்கைதான் இல்லை, பெருமை இருந்தது. குப்புறப் படுத்திருக்கிறவர், கால் பட்டதுமே பாதி வலி போன மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு எனக்குப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மற்ற வைத்தியங்கள் மேல் இந்த மரியாதைகூட எனக்கு இருந்ததில்லை. நானே ஒரு போலி என்று எனக்குத் தெரியும்போது மற்றவர்களை எப்படி நம்புவது? எண்ணெய் தடவி உருவுகிறவர், ஊசி குத்தி விரட்டுகிறவர், காதில் பொட்டு ஒட்டுகிறவர், எல்லோரும் என்னைப் போலப் பெருமூச்சு வாங்கிப் பிழைக்கிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மசாஜ் என்ற வார்த்தையைப் பேப்பரில் எந்த மாதிரிச் செய்தியில் பார்ப்போமோ அதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது.

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். விழுப்புரம் டெப்போ. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பலமுறை போய்வருகிற வண்டி. அந்த சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு என்ன ஆகும் என்பதற்குத் தனியாக வைத்தியர் வந்து சொல்ல வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒருமுறையாவது ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு "ஏறு" என்பார். ஏறுவேன். மூன்று மிதி. "போயிடுச்சி" என்று எழுந்து போய் டீ கேட்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒருநாள் அப்படித்தான் படுத்தார். அன்றைக்கு வலி கொஞ்சம் அதிகம்தான் போல. படுக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முதல் மிதி மிதித்தேன். இரண்டாவது மிதியில் என் காலுக்குக் கீழே 'கடக்' என்று ஒரு சத்தம். எனக்குச் சந்தோஷம். சுளுக்கு விட்டுப்போகும்போது அப்படிச் சத்தம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் ஒரு நொடி மூச்சே விடவில்லை. பிறகு "போயிடுச்சி" என்றார். போய்விட்டது என்று சொன்ன பிறகும், கணக்கு மூன்றாயிற்றே என்று மூன்றாவதையும் மிதித்தேன். அந்த மூன்றாவது மிதியை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கால் கூசுகிறது.

பின்னால் பார்த்த எலும்பு டாக்டர், மிதியாலும் இருக்கலாம், இத்தனை வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்ததாலும் இருக்கலாம் என்றார். பத்திரத்தில் 'இருக்கலாம்' என்று எழுதினால் யாரும் பதிவு செய்ய மாட்டார்கள். டாக்டர்கள் மட்டும் தாராளமாகச் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் என்னை ஏறச் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. "இடுப்பு எப்படி இருக்குது?" என்று நானாகக் கேட்டால், "அதான் அன்னிக்கே போயிடுச்சே" என்பார். வலி போனால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு வரவில்லை. வருஷக்கணக்காக மாதம் தவறாமல் வந்த வலி, ஒரே நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போகுமா? அப்போதிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் காது. இடது காது மடலின் உள்பக்கம், பொட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்திரி. அழுத்திப் பார்த்தால் உள்ளே கடுகு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது.

"காதுல என்னா இது?"

"கொசு கடிச்சிது."

"கொசு கடிச்சா பிளாஸ்திரி போடுவாங்களா?"

"கன்டக்டர் போட்டு வுட்டாரு. நீ ஏன் எல்லாத்துக்கும் இப்படி நோண்டிக்கினு இருக்குற?"

அடுத்து, சட்டை. துவைக்கப் போட்ட காக்கிச் சட்டையில் ஒரு வாசனை. பீடி இல்லை, சாம்பிராணி இல்லை, காய்ந்த தழையைக் கொளுத்தியது போல ஒரு புகை. அப்புறம், ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகச் செருப்பு. கல்யாணமான நாளிலிருந்து ரப்பர் செருப்பைத் தவிர எதையும் போடாத மனிதர், திடீரென்று குதிகாலில் வார் வைத்த சாண்டல் வாங்கிவந்தார். வாசலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்து வாரை மாட்டிக்கொண்டு போனார். ஐம்பதை நெருங்குகிற ஆணுக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று யோசித்தால், பெண்களுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை.

ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனேன். டெப்போவுக்கு எதிரே டீக்கடையில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குப் பிறகு வெளியே வந்தார். சாலையைக் கடந்து கிழக்குப் பாண்டி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு சந்துக்குள் போனார். மாடி வீடு. படிக்குக் கீழே பெண்கள் செருப்பு நாலைந்து ஜோடி. அவர் படியில் உட்கார்ந்து, கையால் வாரைக் கழற்றிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். மாடி ஜன்னலில் வளையல் போட்ட ஒரு கை பச்சைத் திரையை இழுத்துவிட்டது.

சுவரில் போர்டு: அக்குபஞ்சர், மசாஜ் தெரபி. அதற்குக் கீழே முட்டி, இடுப்பு, கழுத்து, தலைவலி, அஜீரணம், தூக்கமின்மை என்று ஒரு பட்டியல். நான் படித்தது மசாஜ் என்ற ஒரு வார்த்தையை மட்டும்தான். அப்போதே மேலே ஏறிப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் முதலாளி சொல்லிக்கொடுத்தது தடுத்தது. நாலு எல்லையையும் பார்க்காமல் எழுதாதே. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அவருடைய நேரத்துக்கு முக்கால் மணி முன்பாகவே நானே அந்த மாடிக்குப் போனேன், கழுத்து வலி என்று சொல்லிக்கொண்டு.

ஊசி போடுகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. தலையில் துப்பட்டா சுற்றியிருந்தார். மூலையில் ஒரு தழைச் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது, காக்கிச் சட்டையில் வந்த அதே வாசனை. கோட்டக்குப்பத்துக்காரர், கணவர் துபாயில், என்பதையெல்லாம் நான் கேட்காமலே முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கேட்காமலே எல்லாம் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். சுவரில் சர்டிபிகேட் மாட்டியிருந்தது. பத்திரம் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தேன். கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது. சீல் எல்லாப் பத்திரத்திலும்தான் இருக்கிறது.

"மசாஜும் நீங்கதான் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். கேட்ட விதம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"லேடீஸுக்கு நான் பண்ணுவேங்க. ஜென்ட்ஸுக்கு உள் ரூம்ல என் தம்பி பண்றான். ஊசி மட்டும் எல்லாருக்கும் நான்தான்."

தம்பி என்பவர் உள்ளறையிலிருந்து எண்ணெய்க் கையோடு எட்டிப் பார்த்தார். ஒரு சந்தேகம் லேசாக ஆட்டம் கண்டது. ஆனாலும் விடவில்லை, தம்பி என்று சொல்லிவிட்டால் தம்பியாகிவிடுமா?

பெஞ்சில் படுக்கச் சொல்லி, இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"தூக்கம் எப்படிங்க?"

"நல்லா தூங்குறேன்."

"கோவம் நெறைய வருமா?"

"யாரு சொன்னது?"

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. என் இரண்டு கால்களிலும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒவ்வொரு ஊசி, கைகளில் ஒவ்வொரு ஊசி. கொசு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. அதுவே எனக்கு ஏமாற்றமாக இருந்தது; குத்தினால் குத்தின மாதிரி இருக்க வேண்டாமா? "இருவது நிமிஷம் அசையாதீங்க" என்று திரையை இழுத்துவிட்டுப் போனார். எத்தனையோ பேர் முதுகில் ஏறிய கால்கள். ஊசி குத்திக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். ஒரு கால் சரியாக விழுந்தது. இன்னொரு கால் 'தப், தப்' என்று அறைந்துகொண்டு வந்தது. திரைக்கு அந்தப் பக்கத்துப் பெஞ்சு கிரீச்சிட்டது. என் வீட்டுக்காரரின் இருமல்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"வலி பரவால்லம்மா. பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சி."

"வலிய வுடுங்க. கால் எப்படி இருக்கு?"

"அது கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கினு இருக்கு."

"கண்ண மூடிக்கோங்க. இப்ப குத்துறது தெரியுதா?"

"தெரியுதும்மா. சுருக்குனு இருக்குது."

ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் இன்னும் குத்தவே இல்லீங்க" என்றார் அந்தப் பெண்மணி.

அவர் மறுபடியும் இருமினார்.

"மூணு தடவ சொல்லிட்டேன். வலி கொறையறதுக்கு நான் பாப்பேன். மரத்துப்போறது வேற, அது நரம்பு. ஸ்கேன் எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. செருப்பு கழண்டு போறதே தெரியலன்னு நீங்கதான் சொன்னீங்க. நாளைக்கு பாதத்த தூக்கவே முடியலன்னா என்னா பண்ணுவீங்க?"

"காட்றேம்மா."

"என்னா வேலை பாக்குறேன்னு சொன்னீங்க?"

"மல்லாட்டை மண்டியில வாச்மேன்."

"ம். இடுப்புல யாராச்சும் ஏறி மிதிச்சாங்களா? எங்க பக்கம்லாம் அப்படி மிதிக்கிற பழக்கம் உண்டு. அதான் கேக்குறேன்."

"இல்லம்மா. யாரும் மிதிக்கல. ஒக்காந்து ஒக்காந்து வந்தது."

பெண் விவகாரம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடியே அது போய்விட்டது. மரத்துப்போயிருப்பது எந்தக் கால் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வாசலில் அவர் குனிந்து பார்த்துப் பார்த்து வார் மாட்டியது வலது காலுக்குத்தான்; படியில் 'தப், தப்' என்று அறைந்ததும் அதுதான். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மிதிக்கிற கால். டிரைவர் என்று சொன்னால் இந்தப் பெண்மணி சும்மா விடமாட்டார் என்று தெரிந்துதான் வேர்க்கடலை மண்டிக்கு வாச்மேன் ஆகியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் எழுதுவார்கள், சீட்டில் எழுதியது டெப்போவுக்குப் போகும். ஊசி மட்டும்தான் எந்தக் காகிதத்திலும் ஏறாது.

ஊசி குத்தியிருந்ததால்தான் எழவில்லை என்று சொன்னால் பொய். எழுந்து திரையை விலக்கியிருக்கலாம். 'யாரும் மிதிக்கல' என்று அவர் சொன்னது என்னை அமுக்கிப் போட்டுவிட்டது. ஊர் பேர் தெரியாத இடத்தில், எவரிடமோ, நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாதபோதுகூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் பேசுகிறார். இரண்டாவது மிதியில் வந்த அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்டேன்.

அவர் எண்ணெய் தடவிக்கொள்ள உள்ளறைக்குப் போன பிறகு, அந்தப் பெண்மணி வந்து என் ஊசிகளை எடுத்தார்.

"அந்தப் பக்கம் இருந்தவருக்கு என்னா?" என்று கேட்டேன்.

"அடுத்தவங்க ஒடம்ப பத்தி நான் பேச மாட்டேங்க."

அந்த நிலைமையிலும் என் புத்தி போகவில்லை. "ஸ்கேன் எடுக்கச் சொன்னீங்களே, அங்க உங்களுக்கு கமிஷன் உண்டா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எந்த எடம்னு நான் பேரே சொல்லலியே" என்றார். பிறகு ஊசிகளைக் குப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, "உங்க கழுத்துல ஒண்ணும் இல்லீங்க. இனிமே வர வேணாம்" என்றார். வருமானத்தை வேண்டாம் என்று சொல்கிற வைத்தியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதையும் சந்தேகப்படலாமா என்று படியிறங்கும்போது யோசித்தேன். வழியில்லை.

அன்று சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும், சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"கால்ல ஏதாச்சும் பண்ணுதா உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லியே. நீதான் மிதிச்சி சரி பண்ணிட்டியே."

முகத்தைப் பார்த்துச் சொன்னார். எவ்வளவோ பொய்க் கையெழுத்தைப் பார்த்த எனக்கே, அதை நம்பிவிடலாம் போலிருந்தது. நம்பினால் எல்லோருக்கும் நல்லது. அவருக்கு வண்டி இருக்கும், எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாய் இருக்கும். காலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும் என்று சொன்னாரே, வரக்கூடாதா என்ன?

மறுநாள் காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய வண்டியில் ஏறினேன். இன்ஜினுக்குப் பக்கத்தில், டிரைவர் கால் தெரிகிற நீள சீட்டில் உட்கார்ந்தேன்.

"எங்க போற?" என்றார்.

"விழுப்புரத்துல ஒரு பத்திரம் நகல் எடுக்கணும்."

வண்டி நிறைந்துவிட்டது. காலேஜ் பிள்ளைகள், பூக்கூடைகள், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு போகிற ஒரு பெண். அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏப்பம் வருவதற்காகக் குழந்தையை என் பக்கமாகத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு தடவை பிரேக் போடும் முன்பும் அவர் தலையைக் குனிகிறார். ஒரு கண்சிமிட்டல் நேரம்தான். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டு, பிறகு பிரேக் மேல் வைக்கிறார். வாசலில் சாண்டல் வாரை மாட்டுகிற அதே குனிதல். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. எவ்வளவு நாளாக இப்படி ஓட்டுகிறார்? அந்தக் கண்சிமிட்டலில் ரோட்டை யார் பார்க்கிறார்கள்?

விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்து மண் ரோட்டிலிருந்து சட்டென்று தார் ரோட்டில் ஏறியது. அவர் குனிந்தார். நிமிர்ந்தார். அதற்குப் பிறகுதான் பிரேக் விழுந்தது. பூக்கூடை ஒன்று உருண்டு முன்னால் வந்தது. குழந்தையின் தலை கம்பியில் மோதாமல் என் கையை நடுவில் கொடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால், எட்டித் தொடுகிற தூரத்தில் கரும்புச் சோகை ஆடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் டிராக்டர்காரரைத் திட்டினார்கள். "டிரைவர் சாமர்த்தியசாலி, இல்லன்னா அவ்ளோதான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். தப்பு டிராக்டர் மேல்தான் என்று ஒரு பஸ் முழுக்கச் சாட்சி சொல்லியிருக்கும். பிரேக்குக்கு முன்னால் அவர் குனிந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி ஆள் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்த நேரத்தைப் பதிய கன்டக்டர் டைம் ஆபீசுக்குப் போனார்.

"எறங்குங்க" என்றேன்.

"இருவது நிமிஷத்துல திருப்பி எடுக்கணும். நீ ஜல்தியா போயி நகல வாங்கு."

"நகல் ஒண்ணும் இல்ல. நேத்து நீங்க ஊசி போட்டுக்கினு படுத்திருந்தப்ப, தெரைக்கு இந்தப் பக்கம் நான்தான் படுத்திருந்தேன்."

ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வெளியே பாண்டிச்சேரி, பாண்டிச்சேரி என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. அன்ஃபிட்டுனு எழுதிடுவாங்க. அப்புறம் டெப்போவுல ஒரு மூலையில ஒக்காந்துக்கினு, வண்டி எப்ப வருது எப்ப போவுதுன்னு எழுதிக்கினு இருக்கணும். இருவத்திரெண்டு வருஷம் ஓட்டிட்டேன். ஒரு கோழிக்குஞ்ச அடிச்சதில்ல."

"இன்னிக்கு அந்தக் கைக்கொழந்தைய பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். உதடு கோணிக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, நீ மிதிச்சதாலதான்னு நெனப்ப. அப்புறம் ஒருத்தரையும் மிதிக்க மாட்ட. உனக்கு அது எவ்ளோ புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பேஜாரு, பேஜாரு என்று நான் முணுமுணுத்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இந்த மனிதர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் இவருடைய காதையும் சட்டையையும் செருப்பையும் வேவு பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பஸ் ஸ்டாண்ட் என்று பார்க்கவில்லை.

"நான் மிதிச்சதாலயா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். மூன்று மாதத்தில் அந்த மிதியைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

கன்டக்டர் டீ கிளாஸோடு வந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம், "டைம் ஆபீஸ்ல சொல்லு. வண்டிக்கு வேற ஆளு போடச் சொல்லு. என் கால் எனக்குத் தெரியல" என்றார். கன்டக்டர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

டிரைவர் பக்கத்துக் கதவு தனி. அதன் படி உயரம், இரும்புக் கம்பி மாதிரி ஒடுக்கம். நான் முன்வாசல் வழியாக இறங்கிச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றேன். அவர் கதவைத் திறந்து, உள்பக்கம் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலைக் கீழே விட்டார். கால் படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காற்றில் துழாவியது. இருபத்திரண்டு வருஷம் இறங்கிய படி. பக்கத்து வண்டி டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்தேன். சில்லென்று இருந்தது. நான் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் படியைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். கொண்டுபோய்ப் படியின் நடுவில் வைத்து, நழுவாமல் அழுத்திக்கொண்டேன்.

"வச்சிட்டேன். எறங்குங்க" என்றேன்.

குனிந்து பார்க்காமல், என் பேச்சை நம்பி, முழுப் பாரத்தையும் அந்தக் கால் மேல் போட்டு இறங்கினார்.